எழுத்து மட்டும் ஓசி

சுகன்யா செல்போனைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பவர்கள் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வார்கள். எப்போது எதைப் படம் பிடிப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. கறந்த பால் சொம்பு, பிடுங்கிப் போட்ட மரவள்ளிக் கிழங்கு, மகள் புதிதாக வாங்கிய செருப்பு, வாசலில் படுத்திருக்கும் நாய், அதே நாய் எழுந்து நின்ற பிறகு இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாள் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஏஞ் சுகன்யா, நாயி படுத்தா என்ன, நின்னா என்ன? இதையுமா அனுப்புவ?"

"அவரு பாக்கோணுமில்லீங்க்கா."

அவர் என்பது அவள் கணவன் செங்கோடன். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடும் டிரில்லர். மூன்று வருடமாக ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் இருந்தான். அந்த நாட்டின் பெயரைச் சொல்ல சுகன்யாவின் நாக்கு இன்னும் பழகவில்லை. யாராவது கேட்டால் "அங்கதான், ஆப்பிரிக்காவுல" என்று ஒரு கண்டத்தையே கணவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள்.

சுகன்யா பிறந்தது ஆட்டையாம்பட்டியில். அப்பா தறி ஓட்டினார், அவள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதில் செங்கோடனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான பதினோராம் நாள் லாரி சத்தீஸ்கருக்குக் கிளம்பியது. புது மாப்பிள்ளை என்று முதலாளி பார்ப்பாரா என்ன, மழைக்காலம் வருவதற்குள் எத்தனை குழி போட்டோம் என்றுதான் பார்ப்பார். அன்றிலிருந்து வருடத்தில் எட்டு மாதம், ஒன்பது மாதம் அவன் வெளியூரில்தான். மகள் நித்யஸ்ரீ ஒரு விளையாட்டுக்குக் கணக்குப் போட்டாள். இருபது வருடக் குடித்தனத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்த நாளெல்லாம் சேர்த்தால் ஐந்து வருடம்கூடத் தேறவில்லை. அந்தக் கணக்கை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சத்தீஸ்கர் என்றால் ஆயிரம் மைல் என்றாலும் தரையோடு தரையாக வந்துவிடலாம். ஆப்பிரிக்கா அப்படியில்லை. கடலைத் தாண்டிப் போகிற ஆளை எதைக் கொண்டு பிடித்து வைப்பது? அவளுக்குத் தெரிந்த ஒரே வழி படம். ஊரை, வீட்டை, தோட்டத்தைத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டே இருந்தால் அவன் திரும்பி வரும்போது எதுவும் புதிதாகத் தெரியாது, விட்ட இடத்திலிருந்து வாழலாம் என்று நினைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சென்னியம்மாள் சிரிப்பாள்.

செங்கோடன் பேச்சில் கஞ்சன். எந்தப் படம் போனாலும் அவனுடைய பதில் ஒன்றுதான். "பாத்தேன். நல்லா இருக்குது." வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை என்பான். மாதம் ஒருமுறை மேனேஜரின் போனிலிருந்து ஐந்து நிமிடம் குரல் கேட்கும். அதில் மூன்று நிமிடம் இருமல். மற்ற நாளெல்லாம் படத்தின் கீழே விழும் இரண்டு நீலக் குறிதான் அவளுக்குப் புருஷன்.

போன பங்குனியில் கிணறு வற்றிவிட்டது. இரண்டு ஏக்கர் மரவள்ளி வாடத் தொடங்கியது. வேறு வழியில்லாமல், அப்புசாமியின் ரிக்கைக் கூப்பிட்டு ஆழ்துளை போட ஏற்பாடு செய்தாள். அப்புசாமி ஒருகாலத்தில் செங்கோடனுக்குக் கீழே வேலை பழகியவன். ஊரெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் தோட்டத்துக்கு அடுத்தவன் வந்து குழி போடுகிறான் என்று அவளுக்கு ஒரு பக்கம் வருத்தம்தான்.

ரிக்கில் ஒரு பழக்கம் உண்டு. இருபதடிப் பைப் ஒன்று இறங்கி முடிந்ததும் மேலே வரும் கல் மாவில் ஒரு பாண்டுச் சட்டி அள்ளித் தனியாகக் கொட்டுவார்கள். அடுத்த பைப்புக்கு அடுத்த குவியல். வரிசையைப் பார்த்தால் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிசையைப் படிப்பதில் செங்கோடனுக்கு நிகர் செங்கோடன்தான். இரண்டு விரலில் எடுத்துத் தேய்ப்பான், வெயிலுக்குக் காட்டுவான், இன்னும் எத்தனை பைப் என்று சொல்லிவிடுவான். வடக்கே முதலாளிகளே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அதனால் சுகன்யா ஒவ்வொரு குவியலையும் படம் பிடித்து அனுப்பினாள். புழுதி மூக்கிலும் வாயிலும் ஏற, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். பதில் உடனுக்குடன் வந்தது. "போடச் சொல்லு." "போடட்டும்." "இன்னும் போடு." முப்பத்தாறாவது குவியலுக்கு, எழுநூற்று இருபது அடியில், "பாத்தேன். இனி வேண்டாம். நிறுத்திக்கலாம்" என்று வந்தது.

அப்புசாமி குனிந்து கல்லை எடுத்துப் பார்த்தான். "அக்கா, கல்லு மாறுதாட்டம் இருக்குதுங். இன்னும் ரெண்டு பைப்பு போட்டுப் பாக்கலாங்க."

"வேண்டாம்ப்பா. அவரு பாத்துட்டுத்தான் சொல்றாரு."

"அண்ணனே சொன்னா அப்பறம் நான் என்ன சொல்றதுங்க," என்று அப்புசாமி கம்ப்ரசரை நிறுத்தினான்.

குழி காய்ந்து கிடந்தது. முப்பத்தாறு குவியலும் அப்படியே வரிசையாகக் கிடந்தன. அள்ளிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜெகதீஸ்வரன் விடுப்பில் வந்தான். குமாரமங்கலத்துப் பையன், செங்கோடனோடு அதே கேம்ப்பில் இருப்பவன். அண்ணன் கொடுத்தார் என்று பெரிய பெரிய பூப்போட்ட துணி ஒன்றும் காப்பிக்கொட்டைப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தான். சுகன்யா அவனை உட்கார வைத்துச் சோறு போட்டாள். கையில் கரண்டியோடு அவன் முகத்தையே பார்த்தாள். இவன் கண் போன வாரம் வரை அவரைப் பார்த்த கண்.

சாப்பிட்டு முடித்ததும் தோட்டத்துக் கதை வந்தது. போனை எடுத்துக் குவியல்களைக் காட்டினாள். "இதெல்லாம் பாத்துட்டுத்தாம்ப்பா உங்கண்ணன் நிறுத்தச் சொன்னாரு. அவரு கண்ணுக்கே தப்பிருச்சு பாரு."

ஜெகதீஸ்வரன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் எப்படீங்க்கா பாத்தாரு?"

"எப்படின்னா? நாந்தான் அனுப்பினேனே."

"இல்லீங்க்கா. எங்க கேம்ப்புல எவனுக்கும் போட்டோ தெரியாதுங்க. அங்க நெட்டுக்கு ஒரு பேக்கு இருக்குது. இந்த ஒரு ஆப்பு மட்டும் ஓசி. அதுலயும் எழுத்து மட்டும்தான் ஓசி. போட்டோ, வீடியோ, பேச்சு எதுன்னாலும் காசு கட்டோணும். அங்க அது யானை வெலைங்க. போட்டோ இருக்கற எடத்துல சாம்பக் கலர்ல ஒரு கட்டம் வரும், அவ்வளவுதான்."

சுகன்யா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று. எதையாவது சொல்லிச் சரிக்கட்டப் பார்த்தான். "அண்ணன் அந்தக் கட்டத்த எண்ணுவாருங்க்கா. இன்னிக்கு ஒம்பது வந்துச்சுடான்னு எங்ககிட்டச் சொல்லுவாரு." அது அவள் காதில் ஏறவேயில்லை.

அவன் போன பிறகு போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. நித்யஸ்ரீ முதல்முதலாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட படம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த படம். இறந்துபோன எருமையின் கடைசிப் படம். பாத்தேன், நல்லா இருக்குது. பாத்தேன், நல்லா இருக்குது. எருமை செத்ததும் நல்லா இருந்ததா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் மூன்று வருடமாக ஒரு சுவருக்குப் படம் காட்டியிருக்கிறாள்.

நித்யஸ்ரீ சேலத்தில் சட்டம் படிக்கிறவள். ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னாலும் எதிர்வாதம் வைக்கிற பிள்ளை. விஷயத்தைக் கேட்டதும் பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்க அந்த மாதிரி பேக்கு விக்கவே கூடாது. ரெண்டாயிரத்துப் பதினாறுலயே தடை போட்டாச்சு. அப்ப லச்சக்கணக்கான ஜனங்க தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு மெயில் எழுதினாங்க. கம்பிக்குள்ள என்ன போவுதுன்னு பாத்துப் பாத்து, இதுக்கு இந்த வெல, அதுக்கு அந்த வெலன்னு கம்பெனிக்காரன் வெக்கக் கூடாது. கரண்ட்டுக்காரன் மிக்ஸிக்கு ஒரு ரேட்டு, கிரைண்டருக்கு ஒரு ரேட்டுன்னு போட்டா ஒத்துக்குவமா? இப்பவும் சும்மா இல்ல, பெரிய கம்பெனிக வேற வேற வழியில கேட்டுக்கிட்டேதான் இருக்கறாங்க."

"அந்தச் சட்டத்த அந்த நாட்டுக்கும் சேத்துப் போட்டிருக்கலாமில்ல?"

"நம்ம சட்டம் நம்ம எல்லையோட சரிம்மா."

"அப்பனுக்கு ஒதவாத சட்டம் என்ன சட்டம்," என்று சுகன்யா எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் செங்கோடனுக்கு எழுதினாள். "நீங்க பாக்காமயே பாத்தேன்னு சொல்லி இருக்கறீங்க. இனி ஒண்ணும் அனுப்ப மாட்டேன்." நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அவளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கோபித்துக்கொள்ளவாவது ஆள் எதிரில் இருக்க வேண்டும். சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தால் யாருக்குக் கேட்கப் போகிறது? மூன்றாம் நாள் அவளால் முடியவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று அனுப்பினாள். ஒற்றைக் குறியோடு நின்றுவிட்டது. மறுநாளும் ஒற்றைக் குறி. அதற்கு மறுநாளும். அவரும் கோபித்துக்கொண்டு போனை அணைத்துவிட்டாரா, இல்லை அந்தக் காட்டில் ஏதாவது ஆகிவிட்டதா? ஆறாம் நாள் பஸ் ஏறித் திருச்செங்கோட்டில் இருந்த கம்பெனி ஆபீசுக்கே போனாள்.

அங்கே இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "ஆளெல்லாம் நல்லா இருக்கறாங்கம்மா. மேனேஜர் நேத்துப் பேசினாரு. அந்த நாட்டுல எலெக்சன். அரசாங்கமே நெட்ட மொத்தமா நிறுத்தி வெச்சிருக்குது."

"எலெக்சனுக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஜனங்க ஒண்ணு சேந்து பேசீரக் கூடாதுன்னுதான். எப்பத் தெறப்பாங்கன்னு ஆருக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். "நம்ம நாட்டுலயும் நிறுத்தறாங்கம்மா," என்றாள் நித்யஸ்ரீ. "கலவரம்னா நிறுத்தறாங்க, பரிச்சைல காப்பி அடிக்கறாங்கன்னு நிறுத்தறாங்க. உத்தரவ வெளிய போடோணும், காரணம் சொல்லோணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்குது. ஆனா நிறுத்தறது நிக்கல." சுகன்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் அவளைத் தெரியாது. ஆனால் அவளுடைய "சாப்பிட்டீங்களா" அவர்கள் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது.

மறுநாள் காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனவள் அந்தக் குவியல்களின் பக்கத்தில் நின்றுவிட்டாள். எழுத்து மட்டும் ஓசி. ஜெகதீஸ்வரன் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. கூடவே, அன்றைக்குக் காதில் ஏறாத இன்னொன்றும் இப்போது வந்தது. இன்னிக்கு ஒம்பது வந்துச்சுடா. வெறும் கட்டத்தை ஒரு மனுசன் எதற்காக எண்ணுவான்? அதைத் தவிர அவனுக்கு எண்ண அங்கே வேறென்ன இருந்தது?

குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனை எடுத்தாள். படம் பிடிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் இத்தனை எழுதியதில்லை.

"ஒண்ணாங் குவியல். செம்மண்ணு. பொலபொலன்னு இருக்குது. அஞ்சாவது வெள்ளை. சுண்ணாம்பாட்டம் கையில ஒட்டுது. பன்னண்டாவதுல இருந்து கருப்பு. பதினெட்டாவது ரேசன் கோதும மாவாட்டம் நைசா இருக்குது, நடுவுல மினுக்கு மினுக்குன்னு மின்னுது."

ஒவ்வொன்றையும் தொட்டாள், தேய்த்தாள், வெயிலுக்குக் காட்டினாள். படம் பிடித்த அன்று அவள் எந்தக் கல்லையும் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் கல் அவள் கையில் இருந்தது. முப்பத்தைந்தாவது குவியலில் கையை விட்டபோது சட்டென்று வித்தியாசம் தெரிந்தது.

"முப்பத்தஞ்சு வேற மாதிரி இருக்குதுங்க. இரும்புத் துரு நெறம். மாவா இல்ல. ஒடச்ச கடலப்பருப்பாட்டம் பெருசு பெருசா இருக்குது. முப்பத்தாறும் அப்படித்தான். அதுல இன்னும் சாஸ்தி."

எழுதி முடித்து அதையே திரும்பப் படித்தாள். ஒற்றைக் குறி. பதில் வராது. ஆனால் இருபது வருடம் ஒரு டிரில்லரின் பெண்டாட்டியாக இருந்திருக்கிறாள். துரு நிறத்தில், பருமனாகக் கல் வந்தால் கீழே பாறை பிளந்திருக்கிறது என்று அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். அப்புசாமிக்குப் போன் போட்டாள். அவன் ரிக் நாமகிரிப்பேட்டைப் பக்கம் நின்றது. வெள்ளிக்கிழமை வடக்கே கிளம்புகிறது.

"வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி அந்தக் குழியிலயே ரெண்டு பைப்பு போட்டுக் குடுப்பா."

"அண்ணன் சொன்னாருங்களா?"

"நாஞ் சொல்றேன்."

முப்பத்தேழாவது பைப் பாதி இறங்கும்போதே புழுதி அடங்கியது. முப்பத்தெட்டில் குழி இரும ஆரம்பித்தது. சேறும் கல்லுமாகத் துப்பிவிட்டு, கலங்கல் தண்ணீர் ரிக்கின் மேல்கம்பி வரை பீய்ச்சி அடித்தது. பெரிய ஆறு ஒன்றும் இல்லை, ஒன்றரை இஞ்சுத் தண்ணீர்தான். இரண்டு ஏக்கருக்குப் போதும். சென்னியம்மாள் ஓடி வந்து தலையில் தெளித்துக்கொண்டாள். நனைந்துபோய் நின்ற சுகன்யாவின் கை பழக்கத்தில் போனை உயர்த்தியது. பிறகு போனைத் தாழ்த்திப் புடவையில் துடைத்து, எழுதினாள்.

"தண்ணி வந்திருச்சுங்க. மொதல்ல சேறு, அப்பறம் டீத்தண்ணி நெறம், இப்பத் தெளியுது. நம்ம தென்னமரத்துப் பாதி ஒசரத்துக்கு அடிச்சுது. மண்ணு வாசன வருது. ஜில்லுன்னு இருக்குது. நீங்க இல்ல."

கடைசி இரண்டு வார்த்தையை அழிக்கலாமா என்று யோசித்தாள். அழிக்கவில்லை.

நெட் நின்ற பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தபோது போனை ஒருமுறை பார்க்கத் தோன்றியது. கையில் ஒட்டிய தவிட்டோடு எடுத்தாள். ஒற்றைக் குறியெல்லாம் வரிசையாக இரட்டையாகி, நீலமாகிக்கொண்டிருந்தன. அங்கே அவன் படித்துக்கொண்டிருக்கிறான். முதலில் இப்படி வந்தது.

"முப்பத்தஞ்சாவது துருவா. அய்யோ. உடனே அப்புசாமியக் கூப்பிட்டு ரெண்டு பைப்பு போடச் சொல்லு."

ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. "போட்டுட்டியா."

தவிட்டுக் கையோடு சுகன்யா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு செங்கோடன் தன் வாழ்நாளிலேயே மிக நீளமாக ஒன்று எழுதினான்.

"எழுநூறு தாண்டுனா நம்ம பக்கம் தண்ணி கெடையாதுன்னு குருட்டாம்போக்குல சொல்லீட்டேன். உனக்கு மேல செலவு வெக்கக் கூடாதுன்னு நெனச்சேன். போட்டோ தெரியலன்னு சொன்னா நீ அனுப்பறத நிறுத்திருவ. கட்டமாவது வரட்டும்னு இருந்தேன். ஒரு நா கட்டம் கொறஞ்சா உனக்குக் காச்சலோ என்னமோன்னு இருக்கும். தப்புத்தான் அம்முணி."

அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

"நீ எழுதுனதுல கல்லுந் தெரிஞ்சுது, தண்ணியுந் தெரிஞ்சுது. மூணு வருசமாச்சு. உம் மொகம் இப்ப எப்படி இருக்குதுன்னு எழுது."

சுகன்யா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். முப்பத்தாறு குவியலை எழுதியவளுக்கு இதற்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அங்கே அவன் காத்திருக்கிறான் என்று போனின் மேல்பக்கம் காட்டிக்கொண்டே இருந்தது.

"முன்னாடி முடி நரச்சிருச்சுங்க. கண்ணுக்குக் கீழ கருப்பு உழுந்திருக்குது. கன்னம் ஒட்டிப்போச்சு. எடது பக்கத்து மச்சம் அப்படியேதான் இருக்குது. அத வெச்சு அடையாளம் கண்டுக்கலாம். சீக்கிரம் வாங்க."